தரங்கம்பாடிக் கடலில் ஒரு மோட்டார்

திண்டுக்கல்லில் மோட்டார் கடைக்காரரைக் கட்டிக்கொண்டால் தண்ணீரைப் பற்றி எல்லாம் தெரிந்துவிடும். எத்தனை அடியில் கிடைக்கும், எந்த மோட்டார் இழுக்கும், குழாய் என்ன சைஸ், கேபிள் எவ்வளவு பிடிக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லலாம். தண்ணீரைச் சும்மா உட்கார்ந்து பார்க்கலாம் என்பது மட்டும் தெரியாது. என் வீட்டுக்காரர் முதன்முதலாகத் தரங்கம்பாடிக் கடலைப் பார்த்தபோது இடுப்பில் கையை வைத்துக்கொண்டு செத்த நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பரவாயில்லையே, மனுஷன் ரசிக்கிறாரே என்று எனக்கு ஒரே சந்தோஷம். "அம்புட்டும் உப்பு. இதுல மோட்டார இறக்குனா ஆறு மாசம் தாங்காது, துருவேறிப் போகும்" என்று சொல்லிவிட்டு பஜ்ஜிக் கடைப் பக்கம் போய்விட்டார்.

நாங்கள் அங்கே போனதே கடலுக்காக இல்லை. வீட்டுக்காரருக்கு ஏழரைச் சனி என்று யாரோ சொல்ல, மாமியார் திருநள்ளாறுக்கு வேண்டிக்கொண்டார். அம்புட்டு தூரம் போகையில் மற்ற சாமிகள் கோவித்துக்கொள்ளக் கூடாதே என்று வேளாங்கண்ணியையும் நாகூரையும் சேர்த்துக்கொண்டார். சொந்தபந்தங்களை அள்ளிப் போட்டுக்கொண்டு வேனில் கிளம்பினோம். திருநள்ளாறு முடிந்ததும் டிரைவர்தான், பக்கத்தில் சினிமாவில் எல்லாம் வருகிற டேனிஷ்காரன் கோட்டை ஒன்று இருக்கிறது என்று ஆசை காட்டினார். சினிமா என்றதும் வேன் மொத்தமும் சரி என்றது.

இறங்கினார்கள், கோட்டையை முதுகுக்குப் பின்னால் வைத்து செல்ஃபி எடுத்தார்கள், கால் நனைத்தார்கள், ஏறிவிட்டார்கள். நான் மட்டும் கரையில் கொட்டியிருந்த கருங்கல்லில் உட்கார்ந்து நோட்டில் பென்சிலால் கிறுக்கிக்கொண்டிருந்தேன். வேன் ஹாரன் அடித்தது. "கடலத்தான் பாத்தாச்சுல்ல, அது எங்கயும் போயிறாது, ஏறுத்தா" என்று மாமியார் ஜன்னல் வழியாகக் கத்தினார். கடல் எங்கும் போகாதுதான். நான்தான் இனி எப்போது வரப்போகிறேன்? ஹாரனைக் காதில் வாங்காமல் கோட்டை மதிலை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். திண்டுக்கல் வரும்வரை வேனில் ஒருத்தரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

கிறுக்கினேன் என்று அடக்கமாகச் சொல்கிறேனே தவிர, எனக்கு நன்றாக வரையத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் ஐடிஐயில் டிராஃப்ட்ஸ்மேன் படித்துவிட்டு ஒரு இன்ஜினீயர் ஆபீசில் வேலை பார்த்தவள். டிரேசிங் பேப்பரில் மையால் வீட்டு பிளான் போடுவேன். இந்த ஊரில் எத்தனையோ வீடுகளின் கக்கூஸ் எந்த மூலையில் இருக்க வேண்டும் என்று கோடு போட்டது இந்தக் கைதான். பிளான் முடிந்ததும் இன்ஜினீயர் பெரிதாகக் கையெழுத்துப் போட்டு சீல் குத்துவார். வரைந்தவர் என்ற குட்டிக் கட்டத்துக்குள் என் பெயரின் முதல் எழுத்து மட்டும் இருக்கும். அந்த ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது, எனக்கு மாப்பிள்ளை வந்தார். மைப் பேனாக்களைச் சீர் சாமான்களோடு எடுத்து வந்தேன். அவற்றை வைத்து மாமியார் என்னை மிளகாய்த்தூள், மல்லித்தூள் என்று டப்பாக்களில் எழுதச் சொன்னார். அம்புட்டு லட்சணமான எழுத்தில் மல்லித்தூள் இந்த ஜில்லாவில் வேறு எந்த வீட்டிலும் கிடையாது.

ஊர் திரும்பியதும் அந்தப் பென்சில் படத்தைப் பெரிய தாளில் மையால் போட ஆரம்பித்தேன். கடையில் பில் போடுவதும் நான்தான் என்பதால் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குத் திரும்புவதற்குள் கிடைக்கிற நேரம்தான் எனக்கு. இடப்பக்கம் கோட்டை. அதற்கு அப்பால் கடல் பாதி தின்றுவிட்ட சிவன் கோயில். கீழே முழுக்கக் கருங்கற்கள், நடுவில் கவிழ்த்துப் போட்ட ஒரு படகு. கடலை நான் வரையவே இல்லை. தாளை அப்படியே வெள்ளையாக விட்டுவிட்டேன். சுற்றி இருப்பதை ஒழுங்காகப் போட்டால் கடல் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். முடித்ததும் கீழே கல்லோடு கல்லாக, சின்ன எழுத்தில் என் முழுப் பெயரையும் எழுதி, பக்கத்தில் திண்டுக்கல் என்று போட்டேன். நான் வரைந்த ஒன்றில் என் பெயரை முழுசாக எழுதியது அதுதான் முதல் தடவை. எழுதிவிட்டு, இது ஏதோ பெரிய சாதனை போல, தனியாக உட்கார்ந்து அழுதேன்.

அழுதது நான் மட்டும்தான். மாமியார் நன்றாகப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. கலரு எப்ப அடிப்ப?" என்றார். பிளாட் புரோக்கராக இருக்கும் கொழுந்தன் அந்த வெள்ளைக் கடலில் விரலை வைத்து, "அண்ணி, இந்த வெத்து எடம் யாரு பேருல இருக்கு?" என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை, நிஜமாகத்தான் கேட்டார். சட்டம் போடலாம் என்று ஃபிரேம் கடைக்குக் கொண்டுபோனால், கறுப்பு வெள்ளையைப் பார்த்ததும் கடைக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "யாரும்மா தவறுனது?" என்றார். பதில் சொல்லப் பிடிக்காமல் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஹால் சுவரிலும் இடம் இல்லை. மாமனார் படம், சாமி படங்கள், என் வீட்டுக்காரர் ஒரு மாஜி கவுன்சிலருக்குச் சால்வை போடும் படம் எல்லாம் போக, மிச்சம் இருந்தது சுவிட்சு போர்டு மட்டும்தான்.

ஆடிப்பெருக்கு கழிந்ததும் சிவகாசியிலிருந்து காலண்டர் ஏஜென்ட் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கடை வைத்திருக்கிறவர்களுக்கு அது ஒரு சடங்கு. மேலே படம், கீழே தினமும் கிழிக்கிற தேதிக் கட்டு, நடுவில் கடைப் பெயர். அடித்து வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தாக வேண்டும். போன வருஷம் எங்கள் கடையும் எதிர்க் கடையும் ஒரே முருகனைத் தேர்ந்தெடுத்துத் தொலைத்ததில் வீட்டுக்காரருக்குத் தீராத மானக்கேடு. ஆல்பத்தைப் புரட்டிப் புரட்டி அலுத்துப்போய் நிமிர்ந்தவர் கண்ணில், மேஜைமேல் விரித்துக் கிடந்த என் படம் பட்டது. எடுத்துப் பார்த்தார். அதுவரை அந்தப் படத்தை அவர் அப்படிப் பார்த்ததே இல்லை.

"ஏய், இதுல இம்புட்டு எடம் சும்மா கெடக்கே!" என்றார். "கடைப் பேரு, போன் நம்பரு, ஜிபே நம்பரு எல்லாம் தாராளமா ஒக்காருமே!"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உண்மையைச் சொன்னால் தலைகால் புரியவில்லை. சுவிட்சு போர்டுக்குப் பக்கத்தில்கூட இடம் கிடைக்காத படம் ஊரில் இருக்கிற சுவரில் எல்லாம் தொங்கப்போகிறது. என் பெயரோடு தொங்கப்போகிறது. அந்த ஏஜென்டுக்கு ஏலக்காய் தட்டி டீ போட்டுக் கொடுத்தேன்.

மாதிரி வாட்சப்பில் வந்தது. என் கடலில் ரத்தச் சிவப்பில் கடைப் பெயர். அதன் கீழே இரண்டு போன் நம்பர். ஒரு சப்மெர்சிபிள் மோட்டார் வேறு, டேனிஷ்காரன் கப்பல் கணக்காக மிதந்துகொண்டிருந்தது. "தண்ணீர்க் கவலையா? எங்களிடம் வாருங்கள்" என்று அலைமேல் எழுதியிருந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அதற்குக் கீழேதான் வயிறு எரிந்தது. தேதிக் கட்டு கருங்கல் மேல் உட்கார்ந்திருந்தது. கருங்கல்லோடு என் பெயரும் போய்விட்டது.

"தேதிக் கட்ட எங்கயாவது வைக்கணும்ல?" என்றார் வீட்டுக்காரர். "கோட்டை மேலயா வைக்க முடியும்? அடியில வெறும் கல்லுதான கெடக்கு."

"அந்தக் கல்லுக்குள்ளதான் என் பேரு இருக்குங்க."

"எங்க?" ஏஜென்டுக்கு அனுப்பிய என் படத்தைப் போனில் எடுத்து, விரலால் பெரிதாக்கித் தேடினார். கண்டுபிடித்துவிட்டார். "அட, இம்புட்டூண்டு எழுதுனா யாருக்குத் தெரியும்?"

"கட்டக் கொஞ்சம் மேல தள்ளிக் கடல்ல வைக்கச் சொல்லுங்க."

"அங்க கடைப் பேரு இருக்குல்ல?" என்றார், பச்சைப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. பிறகு என் முகத்தைப் பார்த்து மனம் இளகி ஒரு ஆறுதலும் சொன்னார். "இப்ப என்ன கெட்டுப்போச்சு? தாளு கிழியக் கிழிய தன்னால வெளிய வந்துரும். வருசக் கடைசியில தெரியப்போகுது."

என் பெயர் வெளியே வர ஒரு வருஷம் முழுக்க ராகுகாலம், எமகண்டம், கரிநாள் எல்லாம் கழிய வேண்டும் என்று அவர் சாவதானமாகச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

காலண்டர் என்னவோ சக்கைப்போடு போட்டது. வடமதுரை அரிசி மில், வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு டீக்கடை, நிலக்கோட்டைப் பூக் கமிஷன் கடை என்று போகிற இடமெல்லாம் தரங்கம்பாடி. தரங்கம்பாடி என்று கண்டுபிடித்தவர்தான் யாரும் இல்லை. எல்லோரும் அதை நம் மலைக்கோட்டை என்றே முடிவு செய்துவிட்டார்கள். "நல்ல மழை பேஞ்சு கோட்டைக்கொளம் ரொம்புனா இப்படித்தான் அலையடிக்கும்" என்று ஒரு பெரியவர் எனக்கே விளக்கினார். அவர் கண்ணில் அம்புட்டு ஆசை தெரிந்ததால் நான் மறுத்துப் பேசவில்லை.

பொங்கல் கழிந்து ஒருநாள் பைப் கம்பெனி ரெப் ஒருவர் கடைக்கு வந்தார். காலண்டரைப் பார்த்து, "அண்ணே, பட்டையைக் கெளப்புது. யாரு வரைஞ்சது?" என்றார். கையெட்டும் தூரத்தில் நான் பில் அடித்துக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. இதோ சொல்லப்போகிறார் என்று முகத்தைக்கூடச் சரிசெய்துகொண்டேன்.

"மதுரையில ஒரு பெரிய ஆர்ட்டிஸ்ட்டு," என்றார் வீட்டுக்காரர், கண் இமைக்காமல். "சொல்லி வச்சு வாங்குனேன்."

ஒன்றரை இஞ்சு பைப்புக்கு அடிக்க வேண்டிய பில்லில் என்ன அடித்தேன் என்று எனக்கே தெரியாது. மத்தியானம் இலையில் சோற்றைப் போட்டுவிட்டுக் கேட்டேன். அவர் அசரவில்லை. "பொண்டாட்டி வரைஞ்சதுன்னு சொன்னா என்ன பேசுவாங்ய தெரியுமா? காலண்டருக்குக்கூடச் செலவு பண்ணாம வீட்டுலயே ஒப்பேத்திட்டான்பாங்ய. மதுரைன்னாத்தான் ஒரு வெயிட்டு" என்று சொல்லி, இன்னும் கொஞ்சம் வெஞ்சனம் வை என்று இலையைக் காட்டினார். வைத்தேன். வைத்த கையை உடைத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அந்த மதுரைக்காரர் பிறகு வளர ஆரம்பித்தார். மாசியில் அவருக்குத் தாடி வந்தது. சித்திரையில் ஜோல்னாப் பை வந்தது. வைகாசியில் அவர் சினிமாவில் செட் போட்டவராகிவிட்டார். "யாருகிட்டயும் பேசவே மாட்டாரு, ஆனா நம்மன்னா ஒரு பிரியம்" என்று வீட்டுக்காரர் ஒருநாள் சொன்னபோது எனக்கே அந்த ஆளைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று தோன்றியது. பார்த்திருந்தால் தாடியைப் பிடித்து இரண்டு கேள்வி கேட்டிருப்பேன்.

மறுபடியும் ஆடி கழிந்தது. ஏஜென்ட் வருகிற சமயம். "இந்தா, இந்த வருசம் நெசமாவே நம்ம மலைக்கோட்டைய வரைஞ்சுரு. மேல வானத்துல எடம் மட்டும் தாராளமா விட்டுரு" என்றார் வீட்டுக்காரர்.

"மதுரைக்காரர்கிட்டக் கேளுங்க" என்றேன்.

"எந்த மதுரைக்காரரு?" என்றார். நிஜமாகவே மறந்துவிட்டது. அப்புறம் ஞாபகம் வந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "அட, வெளையாட்டுக்குச் சொன்னதும்மா!"

"நானும் வெளையாட்டுக்குத்தான் வரைஞ்சேன். இப்ப வெளையாட நேரமில்ல, ஜிஎஸ்டி கணக்குப் பாக்கணும்."

மாமியாரைத் தூது அனுப்பினார். "அவன் ஏதோ வாயி இருக்குன்னு ஒளறிட்டான். நீ வரைஞ்சு குடுத்துரு தாயி" என்றார். நான் குரலை உயர்த்தாமல்தான் சொன்னேன்: "அத்தை, அவரு ஒரே ஒருவாட்டி, கடையில நாலு பேரு முன்னாடி, இது இவ வரைஞ்சதுன்னு சொல்லட்டும். அன்னிக்கே பேனாவ எடுக்குறேன்." மாமியார் இதைப் போய் மகனிடம் சொன்னார். மகனுக்கு நாலு பேர் முன்னால் பொய் சொல்ல முடிந்தது, உண்மை சொல்ல நாக்கு எழவில்லை. ஆல்பத்திலிருந்து ஒரு படத்தை எடுத்துக்கொண்டார். பச்சை அருவி, இரண்டு அன்னப்பறவை, நடுவில் தொட்டியில் குளிக்கிற கொழுகொழு பாப்பா.

அப்போதும் எனக்கு ஒரு நம்பிக்கை பாக்கி இருந்தது. தினமும் காலையில் குளித்துவிட்டு வந்து ஹாலில் தொங்கும் காலண்டரில் தாளைக் கிழித்து, தன் ராசிக்கு என்ன போட்டிருக்கிறது என்று சத்தமாகப் படிப்பது அவர் வழக்கம். மார்கழி வர வர கட்டு மெலிந்துகொண்டே வந்தது. கடைசித் தாளை அவர் கையாலேயே கிழிப்பார், என் பெயர் அவர் மூக்குக்கு நேரே வரும், அப்போது என்ன செய்கிறார் பார்ப்போம் என்று காத்திருந்தேன். மனுஷன் லேசுப்பட்டவரா? வருஷக் கடைசி நாள் சாயங்காலமே, அந்தத் தாளைக் கிழிக்காமல், காலண்டரைக் கழற்றி பரண்மேல் போட்டுவிட்டு பாப்பாவை மாட்டிவிட்டார். "நல்ல நேரம் முடியறதுக்குள்ள மாட்டிரணும்ல" என்று காரணம் வேறு.

புது வருஷம் பிறந்து கொஞ்ச நாளில், வடமதுரைப் பக்கமிருந்து ஒரு வயசான விவசாயியும் அவர் வீட்டம்மாவும் கடைக்கு வந்தார்கள். பழைய வாடிக்கை. வந்தது சண்டைக்கு. மோட்டாரின் காயில் கருகிப் போய்விட்டது, வாரன்டியில் மாற்றிக் கொடு என்று. அந்தப் பெரியவருக்குக் காது மந்தம். அவர் கத்த, அவருக்குக் கேட்பதற்காக இவர் கத்த, கடையில் இருந்த அத்தனை பேரும் வந்த வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஒருவழியாகக் கம்பெனிக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்று முடிந்தது. சமாதானமாக வீட்டுக்காரர் ஒரு பாப்பா காலண்டரை எடுத்து நீட்டினார்.

அந்தம்மா வாங்கவில்லை. மஞ்சப்பையிலிருந்து துண்டில் சுற்றிய ஒரு அட்டையை எடுத்தார். என் தரங்கம்பாடி. தாள் எல்லாம் கிழிந்து தீர்ந்து, அடியில் கருங்கல் வெறுமனே தெரிந்தது.

"எங்களுக்கு இந்தப் பாப்பா வேணாம்ப்பு," என்றார். "போருல தண்ணி வத்திக் கெடந்தப்ப இந்தப் படத்தப் பாத்துக்கிட்டேதான் கெடந்தோம். இதுலயே புதுத் தேதிக் கட்ட மட்டும் மாட்டிக் குடு." கழன்று விழுந்தால் மாட்டுவதற்கு என்று சிவகாசியிலிருந்து கொஞ்சம் தேதிக் கட்டு தனியாக அனுப்புவார்கள் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. பிறகு அட்டையைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து, "ஆமா, இந்தக் கல்லுக்குள்ள ஒரு பேரு இருக்கே, யாருப்பு இது?" என்று கேட்டு, எழுத்துக் கூட்டி, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி என் பெயரை வாசித்தார். திண்டுக்கல் என்பதையும் விடவில்லை.

"போன வருசம் மதுரைக்காரருன்னியே?" என்றார் பெரியவர். "பொம்பளப் பேரால்ல இருக்கு?"

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். பார்த்தேனே தவிர, திரையில் என்ன இருந்தது என்று தெரியாது. "அது வந்து... ஒரு ராசிக்காகப் போட்டது..." என்று இழுத்தார். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தரையைப் பார்த்து, "இவதான். வீட்டுலதான் வரைஞ்சா" என்று முணுமுணுத்தார்.

"என்னாது? காது கேக்கல!" என்றார் பெரியவர், கையைக் காதுக்குக் குவித்து.

"எம் பொண்டாட்டி வரைஞ்சதுங்குறேன்!" என்று வீட்டுக்காரர் கத்தினார். எதிர்க் கடைக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றார் பெரியவர்.

வீட்டுக்காரர் காது சிவக்க, ஒரு புதுத் தேதிக் கட்டையும் பெரிய ஸ்டேப்ளரையும் எடுத்து வந்தார். பழக்க தோஷத்தில் கட்டை நேராகக் கருங்கல் மேல் கொண்டுபோய் வைத்தார். "பேரு மறையுதேப்பு" என்றார் அந்தம்மா. கட்டைத் தூக்கினார். கோட்டையைப் பார்த்தார், கோயிலைப் பார்த்தார். பிறகு, கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் எதையும் கேட்டுச் செய்து பழக்கமில்லாத மனுஷன், அட்டையை என் பக்கம் திருப்பி, "எங்க அடிக்க?" என்றார்.

"கடல்ல" என்றேன்.

கடலில் இருந்த தன் கடைப் பெயரை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். அதன்மேல் கட்டை வைத்து அழுத்தி அடித்தார். கடைப் பெயர், போன் நம்பர், ஜிபே நம்பர், மிதந்த மோட்டார் எல்லாம் புது வருஷத்துக்குக் கீழே போய்விட்டன.

"அப்ப மோட்டாரு ரிப்பேருன்னா நாங்க எந்த நம்பருக்குப் போன் பண்றது?" என்றார் பெரியவர். நியாயமான கேள்விதான். கைப்பையில் கிடந்த மைப் பேனாவை எடுத்து, என் பெயருக்குக் கீழே, கல் இடுக்கில் கடை நம்பரை எழுதினேன்.

வீட்டுக்காரரால் பொறுக்க முடியவில்லை. "இம்புட்டூண்டு எழுதுனா யாருக்குத் தெரியும்?" என்றார்.

"எங்களுக்குத் தெரியுதுப்பு" என்று சொல்லிவிட்டு அந்தம்மா அட்டையைத் துண்டில் சுற்றினார்.